பக்கத்து வீட்டுக் குரல்

ஏழு நாள் இலவசம் என்றது முதல் செயலி.
ஐந்தாம் நாளே நினைவூட்டத் தொடங்கியது,
கடன் கொடுத்தவன் மாதிரி, மரியாதையாக.
ஆயிரத்து இருநூறு ரிங்கிட்.
லோரிக்குப் பின்சக்கரம் இரண்டும் மாற்றிவிடலாம் என்றார்
ஹர்வினின் அப்பா.
சொல்லிவிட்டு நெடுநேரம் சோற்றுத் தட்டையே பார்த்தார்.

ஸ்லிம் ரிவர் மருத்துவமனையில்
புவான் நோராய்னி எழுதித் தந்தது ஐந்து பெயர்.
பிள்ளைக்கு எது பிடிக்கிறதென்று பாருங்கள் என்றார், மலாயில்.
அடுத்த தேதி
நான்கு மாதம் கழித்து.

இரண்டாவதில் பனிமனிதன் இருந்தான்.
கம்பளிக் கையுறை, சறுக்குவண்டி, கணப்படுப்பு.
செம்பனைக் குலை இல்லை.
ரொட்டி சானாய் இல்லை.
வட்டமாய் இருக்கிறதே, இதை அழுத்திக்கோ என்று
வேறொரு நாட்டுப் பலகாரத்தைக் காட்டினேன்.
அவன் என்னைப் பார்த்த பார்வை
ஆறு வயதுப் பார்வை இல்லை.

மூன்றாவது தமிழ் பேசியது.
'எனக்கு நீர் அருந்த வேண்டும்.'
செய்தி வாசிக்கிற பெண்ணொருத்தி
வழிதவறி எங்கள் சமையலறைக்குள் வந்து
தாகத்தோடு நிற்பதுபோல் இருந்தது.
இவர் சிரித்தார், நானுந்தான்.
ஹர்வின் காதைப் பொத்திக்கொண்டு
கட்டிலுக்கடியில் போய்விட்டான்.

நான்காவது மலாய்.
சோறு, பால், மைலோ, குளியல், தூக்கம் என்று
நான் கேட்க ஆசைப்பட்டதையெல்லாம்
முன்வரிசையில் அடுக்கி வைத்தேன்.
அவன் விரல் அவற்றைத் தாண்டி
மூலையில் கிடந்த சிவப்புக் கட்டத்துக்குப் போனது.
'தக் நாக்.'
வேண்டாம்.
தோசைக்கு வேண்டாம். சட்டைக்கு வேண்டாம்.
காற்றாடிக்கு, பள்ளி வேனுக்கு, எனக்கு.
நாற்பத்தொரு தடவை.
எண்ணினேன், எண்ணாமல் எப்படி?
ஆறு வருஷமாய் வேணுமா வேணுமா என்று
கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.
என் முழங்கையின் பல்தடங்களை
அன்றிரவுதான் எனக்கு வாசிக்கத் தெரிந்தது.

ஐந்தாவதற்குக் காசில்லை. குரலும் இல்லை.
படம் நாம் பிடித்துப் போட வேண்டும்,
சொல்லும் நாமே சொல்லி வைக்க வேண்டும்.
என் குரல் வைத்தால் என் பிள்ளை நாற்பது வயதுப் பெண்.
இவர் குரல் வைத்தால் சொல்லுக்குச் சொல் இருமல்.
பக்கத்து வீட்டுப் பிரணவன் வந்தான்.
தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு,
முன்பல் இரண்டும் விழுந்தவன்.
அறுபத்து மூன்று சொல். கூலி, நான்கு ஐஸ்கிரீம்.
'சோறு' விசிலடித்துக்கொண்டு வருகிறது.
'வலிக்குது'வின் பின்னால் அவர்கள் வீட்டுச் சேவல்.
'வேணாம்' முடியும்போது
குலை ஏற்றிய லோரி ஒன்று கடந்து போகிறது.
பட்டியலில் இல்லாத 'போடா'வை
அவனே இலவசமாய்ச் சேர்த்துவிட்டான்.
நாங்கள் அழிக்கவில்லை.

ஒரு மாலை பிரணவனின் அம்மா வேலியோரம் வந்து நின்றாள்.
மகன் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க,
அவன் குரல் எங்கள் வீட்டில் தண்ணி கேட்கிறது.
'எடுத்துக் குடேன், கேக்குறான்ல' என்று
என்னை அதட்டிவிட்டுப் போனாள்.

ஒரு சொல் மட்டும் பாக்கி.
பிரணவன் தயாராகத்தான் இருந்தான்,
வாயைத் திறந்தும் விட்டான்.
அது இருக்கட்டும்டா என்று கைப்பேசியைக் கவிழ்த்தேன்.
அந்தக் கட்டத்தில் என் படம் இருக்கிறது,
கையுறைத் தொழிற்சாலை அடையாள அட்டையிலிருந்து எடுத்தது,
காது தெரிய, சிரிக்காமல்.
உள்ளே ஒன்றுமில்லை.

நேற்று அப்பாவைப் பார்த்து 'போடா' என்றான்.
இவர் அதை லோரிக் கொட்டகை முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

இப்போது பாத்திரம் கழுவுகிறேன்.
கூடத்தில் விரல் கண்ணாடியில் தட்டும் ஒலி.
தட்டுகிறான். சத்தமில்லை.
மறுபடி தட்டுகிறான்,
கொஞ்சம் அழுத்தி.

என்னடா என்று
குழாயை மூடாமலே போகிறேன்.